ஆஃப்ரோடு வண்டியில் கூடுதல் ஸ்விட்சும் ரிலேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைட் பார் மாட்டப்போகிறேன், காற்றடிக்கும் கம்ப்ரெசர் வைக்கப்போகிறேன் என்று ஆரம்பிப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஃபோனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் எல்லாம் 12 வோல்ட் வண்டிக்கு. வேலையில் இறங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். இதை மட்டும் யாரும் கேட்பதே இல்லை, அதனால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

1. இந்த ரிலே என்னதான் செய்கிறது? அது இல்லாமல் லைட் எரியாதா?

எரியும். ரிலே என்பது கரண்டால் இயங்கும் ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். உள்ளே ஒரு காயில் இருக்கிறது. அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். "டிக்" என்று கேட்கும். கனமான தொடுமுனைகள் இரண்டும் சேரும். காயிலுக்குத் தேவை 0.15 முதல் 0.2 ஆம்பியர் வரைதான். தொடுமுனைகள் வழியாக 30, 40 ஆம்பியர் வரை போகலாம். ஆக, டேஷ்போர்டில் இருக்கும் ஸ்விட்சுக்கு வேலை மிகக் குறைவு; பெரிய கரண்ட் பானட்டுக்குள்ளேயே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும்.

ஃபோன் சார்ஜர், உள்ளே எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கு மாதிரி நாலைந்து ஆம்பியருக்குள் இருக்கும் எதற்கும் ரிலே தேவையில்லை. ஃபியூஸ் மட்டும் கட்டாயம்.

2. என் ஸ்விட்சிலேயே 20 ஆம்பியர் என்று போட்டிருக்கு. லைட் 15தான் இழுக்கும். அப்புறம் எதுக்கு ரிலே?

ஸ்விட்ச் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். பிரச்சினை ஒயர் போகும் தூரத்தில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு, அங்கிருந்து திரும்ப முன் பம்பர், எர்த்தோடு (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) சேர்த்தால் 8 மீட்டர் சுலபமாக வந்துவிடும். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் 8 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.056 ஓம். 15 ஆம்பியர் ஓடும்போது 0.84 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். ரிலேயைப் பேட்டரி பக்கத்தில் வைத்தால் தூரம் பாதியாகிறது, இழப்பும் பாதியாகிறது.

ஒரு வோல்ட் கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 6 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 100 வாட் பல்பு இரண்டு வாங்கி மாட்டிவிட்டு 80 வாட் வெளிச்சத்தில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். இன்னொரு விஷயம்: ரிலே இல்லாவிட்டால் அந்த 15 ஆம்பியரும் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டைத் துளைத்து உங்கள் முழங்காலுக்கு மேலே வந்து போகிறது. அங்கே ஒயர் உரசித் தகட்டில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

3. வீட்டுக்கு வாங்கின ஸ்விட்ச் ஒண்ணு சும்மா கிடக்கு. அதைப் போடலாமா?

ரிலே காயிலை மட்டும் இயக்குவதற்கு என்றால் வேலை செய்யும். லைட்டுக்கு நேராக வேண்டாம். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது, ஸ்விட்சை அணைக்கும்போது வரும் பொறியும் அப்போது தானாக அணைந்துவிடும். பேட்டரி கரண்டுக்கு அந்த இடைவெளி கிடையாது. பொறி நீண்டு, தொடுமுனை கருகும். ஸ்விட்சில் ஏ.சி. அளவும் டி.சி. அளவும் தனித்தனியாகப் போட்டிருந்தால் டி.சி. எண்ணைத்தான் பார்க்க வேண்டும். தவிர, குண்டும் குழியுமான பாதையில் அந்த ஸ்விட்ச் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கதை.

4. 30, 85, 86, 87... எதில் எதை மாட்டுவது?

இந்த எண்கள் டின் 72552 என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை, அதனால் எந்த கம்பெனி ரிலே வாங்கினாலும் பெரும்பாலும் ஒன்றுதான். 30: பேட்டரி பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாக. 87: லைட்டுக்குப் போகும் ஒயர். 86: ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர். 85: எர்த். காயில் பக்கம் 85, 86. கனமான பக்கம் 30, 87. இந்த ஜோடிகள் மனதில் நின்றால் போதும்.

சாதாரண ரிலேயில் 85-ஐயும் 86-ஐயும் மாற்றி மாட்டினாலும் வேலை செய்யும். ஆனால் சில ரிலேக்களுக்குள் டயோடு, அதாவது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம், இருக்கும் (ஏன் என்பது 14-ல்). அதில் மாற்றி மாட்டினால் ஸ்விட்சைப் போட்டதும் ஷார்ட். அதனால் பாசிட்டிவ் எப்போதும் 86-ல் என்று கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

5. நடுவில் ஐந்தாவது பின் ஒன்று இருக்கிறதே, அதையும் லைட்டுக்குப் போடலாமா?

முதலில் ரிலேயின் மேல் அச்சடித்திருக்கும் படத்தைப் பாருங்கள். நடுப் பின்னில் 87ஏ என்றிருந்தால், ரிலே அணைந்திருக்கும்போது அது 30-உடன் சேர்ந்திருக்கும். அதாவது ஸ்விட்ச் போடாதபோதே அங்கே கரண்ட் இருக்கும். தேவையில்லை என்றால் எதுவும் மாட்டாமல் விட்டுவிடுங்கள், ஆனால் அதற்குரிய ஒயர் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் நுனியை மூடுங்கள். நடுப் பின்னும் 87 என்றே இருந்தால் அது இரட்டை வெளியீடு. இரண்டு லைட்டுக்கு இரண்டு ஒயர் எடுக்கலாம்.

இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே சாக்கெட்டிலும் உட்காரும். இரட்டை 87-க்குப் பதில் அவசரத்தில் 87ஏ ரிலேயைச் செருகினால் ஒரு லைட் ஸ்விட்ச் போடாமலே எரியும், போட்டால் அணையும். பேய் பிடித்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

6. ஃபியூஸ் எங்கே வைக்கணும்? எத்தனை ஆம்பியர்?

பேட்டரிக்கு முடிந்தவரை அருகில், ஒரு சாண் தூரத்துக்குள். லைட்டைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயர் எங்காவது தகட்டில் பட்டால் அதை நிறுத்த எதுவுமே இல்லை; பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஒயர் சிவந்து எரியும். அதனால்தான் லைட் பக்கத்தில் ஃபியூஸ் வைப்பதில் அர்த்தமில்லை.

அளவுக்கு: வாட்டை 13.8 வோல்ட்டால் வகுங்கள், கால் பங்கு கூட்டுங்கள், அதற்கு அடுத்த அளவை எடுங்கள். 200 வாட் என்றால் 14.5 ஆம்பியர், கால் பங்கு சேர்த்தால் 18, ஆக 20 ஆம்பியர் ஃபியூஸ், அந்த மஞ்சள் நிறம். (10 சிவப்பு, 15 நீலம், 30 பச்சை.) ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாக மாற்றும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். ஃபியூஸ் ஏதோ சொல்ல வருகிறது, வாயை அடைக்காதீர்கள்.

7. ஒயர் எவ்வளவு கனம் வேணும்? கடையில் கேட்டால் "இது போதும் சார்" என்கிறார்கள்.

எதற்குப் போதும் என்று அவர்களுக்குத் தெரியாதே. ஒயர் தாங்கும் கரண்டைவிட ஃபியூஸ் சின்னதாக இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. நான் பின்பற்றும் கணக்கு கொஞ்சம் தாராளமானது: 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம்., 20-க்கு 2.5, 30-க்கு 4, 40-க்கு 6. தூரம் மூன்று, நான்கு மீட்டரைத் தாண்டினால் அதற்கு அடுத்த கனம். ஸ்விட்சிலிருந்து 86-க்கு வரும் ஒயருக்கு 0.75 போதும், அந்த ஒயருக்கும் தனியாக 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வேண்டும்.

வண்டிக்கென்று வரும் ஒயரையே வாங்குங்கள். அதில் செம்பு இழைகள் மெல்லியதாக நிறைய இருக்கும், வளைந்து கொடுக்கும், அதிர்வு தாங்கும். வீட்டு ஒயரின் உறை பெரும்பாலும் 70 டிகிரி வெப்பத்துக்குச் செய்தது. பானட்டுக்குள் எஞ்சின் பக்கத்தில் அது இளகும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த ஒயரும் கிடைக்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும், வேண்டாம்.

8. எர்த் எங்கே கொடுப்பது? ஏதாவது ஒரு போல்ட்டில் மாட்டினால் போதாதா?

போதாது. பெயின்ட்டுக்கு மேல் மாட்டின எர்த், எர்த்தே இல்லை. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டித் தகடு பளபளக்க வேண்டும். பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன்பிறகு மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசித் துருவை நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பர், கீல் வைத்த கதவு, பானட் இதிலெல்லாம் எர்த் எடுக்கக் கூடாது. எர்த் ஒயர் பாசிட்டிவ் ஒயருக்குச் சமமான கனத்தில் இருக்க வேண்டும்; போன கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் திரும்பி வருகிறது.

புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும். உள்ளே வெளியே போகும் கரண்டை அது எண்ணுகிறது, சார்ஜிங் அந்தக் கணக்கை வைத்து நடக்கிறது. உங்கள் எர்த்தை நேராக முனையில் மாட்டினால் அந்தக் கரண்ட் கணக்கில் வராது. பெட்டியைத் தாண்டி, பாடியில் கேபிள் இறங்கும் இடத்தில் மாட்டுங்கள்.

9. சால்டர் பண்ணணுமா, கிரிம்ப் பண்ணணுமா?

கிரிம்ப், அதாவது ஒயர் நுனியில் லக் என்ற உலோக முனையை மாட்டிக் கருவியால் நசுக்கிப் பிடிக்கவைப்பது. சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரின் அந்தப் பகுதி கம்பி மாதிரி விறைத்துவிடும். அதிர்வு வரும்போது ஈயம் முடியும் இடத்தில்தான் ஒடியும், அதுவும் உறைக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாமல். ராட்செட் உள்ள கிரிம்ப் கருவி, சரியான அளவு லக், உள்ளே பசை தடவிய, சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். கிரிம்ப் செய்ததும் ஒயரைப் பிடித்து நன்றாக இழுங்கள். கையோடு வந்தால் இப்போதே வரட்டும். முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

10. ஸ்விட்சுக்கு கரண்ட் எங்கிருந்து எடுக்கட்டும்? ஹெட்லைட் ஒயரில் ஒட்டுப் போட்டுக்கலாமா?

சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு ஃபியூஸைக் கண்டுபிடித்து, அங்கே ஃபியூஸ் டேப் எனப்படும் இரட்டைச் செருகியை மாட்டி எடுப்பது சுத்தமான வழி. தொழிற்சாலை ஒயரை வெட்ட வேண்டியதில்லை, பிறகு கழற்றினால் தடயமும் இருக்காது. ஏர்பேக், பிரேக், எஞ்சின் கணினி ஃபியூஸ்களைத் தொடாதீர்கள். வைப்பர், பவர் சாக்கெட் மாதிரியானவை போதும்.

ஹெட்லைட் ஒயர் விஷயத்தில் வண்டியின் வயது முக்கியம். பழைய வண்டியில் ஒட்டுப் போடலாம். புதியவற்றில் விளக்குகளைக் கணினி நேராக இயக்குகிறது. கரண்டை முழுசாகக் கொடுக்காமல் வேகமாகத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும், எவ்வளவு போகிறது என்றும் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் ரிலேயை மாட்டினால் ரிலே கிடுகிடுவென்று நடுங்கும், டேஷ்போர்டில் பல்பு கோளாறு என்று எச்சரிக்கை வரும்.

11. விளக்கு எரியும் ஸ்விட்ச் வாங்கினேன். போட்ட உடனே ஃபியூஸ் போகுது. ஸ்விட்ச் டூப்ளிகேட்டா?

அநேகமாக இல்லை. மூன்று பின் ஸ்விட்சில் ஒன்று கரண்ட் வருவது, ஒன்று போவது, மூன்றாவது உள்ளே இருக்கும் சின்ன விளக்குக்கான எர்த். போகும் பின்னில் எர்த்தை மாட்டியிருப்பீர்கள். அணைத்திருக்கும் வரை சாது. போட்டதும் பாசிட்டிவும் எர்த்தும் நேருக்கு நேர்.

பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஊகிக்காதீர்கள். மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஸ்விட்ச் போட்டால் பீப், அணைத்தால் அமைதி என்று எந்த இரண்டு பின் சொல்கிறதோ அவைதான் வரத்தும் போக்கும். ஸ்விட்ச் எந்த நிலையில் இருந்தாலும் பீப் தராத மூன்றாவது, எர்த்.

12. ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன், பேட்டரி செத்துப்போச்சு. ரிலேதான் காரணமா?

ஸ்விட்சுக்கு நிரந்தர கரண்ட் கொடுத்து, போட்டபடி மறந்திருந்தால், ஆமாம். லைட்டின் ஃபியூஸைக் கழற்றி வைத்திருந்தாலும்கூட காயில் மட்டும் 0.15 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி எட்டே நாளில் பாதி காலி. பத்தாவது பதிலில் சாவியோடு சேர்ந்த கரண்ட் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

13. ரிலே டிக் டிக் என்று சொல்லுது, ஆனா லைட் எரியல. புது ரிலே மாத்தியும் அதேதான்.

இந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு. ஒரு நண்பரின் வண்டியில் மூன்று ரிலே மாற்றிவிட்டோம், இருட்டில், டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு. மல்டிமீட்டரில் லைட்டின் பாசிட்டிவ் முனையில் 12.6 வோல்ட் அழகாகக் காட்டியது. லைட் போய்விட்டது என்றே முடிவு செய்தோம். கடைசியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, மரையின் ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவு தொட்டிருந்தது. அந்த மூன்று ரிலேயும் நல்லவைதான்; ஒன்று இன்னும் என் வண்டியில் ஓடுகிறது.

டிக் சத்தம் வந்தால் காயில் பக்கம் சரி, சந்தேகம் 30, 87, லைட், எர்த் என்ற வரிசையில்தான். மல்டிமீட்டர் கரண்டே இழுக்காது, அதனால் ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் முழு வோல்டேஜ் காட்டும். பழைய பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லேம்ப் ஏமாறாது. இன்னும் நல்ல வழி: லைட் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பை லைட்டின் பாசிட்டிவிலும் வையுங்கள். காட்டும் எண், வழியில் தொலைந்த வோல்டேஜ். பிறகு சிவப்பை லைட்டின் எர்த்திலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. எங்கள் வழக்கில் இரண்டாவது சோதனையில் 12 வோல்ட்டும் அப்படியே வந்து நின்றிருக்கும், செய்திருந்தால்.

நேர் எதிரான நோயும் உண்டு: ஸ்விட்சை அணைத்தும் லைட் அணையாது. ரிலேயை லேசாகத் தட்டினால் அணைந்தால், தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கின்றன. ஹாலஜன் பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கமானதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், மோட்டாரும் அப்படித்தான். இங்கே மட்டும் ரிலேயைக் குற்றம் சொல்லலாம். பெரிய ரிலே போடுங்கள்.

14. டயோடு வைத்த ரிலே வாங்குங்க என்கிறார்களே, அவசியமா?

காயிலை அணைக்கும் கணத்தில் அதன் காந்தம் சரிந்து, ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு நூறு வோல்ட்டையும் தாண்டும் எதிர் வோல்டேஜ் ஒன்றை உண்டாக்கும். பழைய வண்டிக்கு இது ஒன்றுமில்லை. ஸ்விட்சுக்கு எடுத்த ஃபியூஸ் வரிசையில் கணினிகளும் இருக்கும் வண்டியில் இதை அடக்குவது நல்லது. டயோடு அந்த வோல்டேஜைக் காயிலுக்குள்ளேயே சுற்றவிட்டு முடித்துவிடும். தனியாக மாட்டுவதென்றால், டயோடின் வெள்ளைக் கோடு போட்ட முனை 86 பக்கம்.

15. வின்சுக்கு ரெண்டு 40 ஆம்பியர் ரிலே சேர்த்துப் போட்டா 80 தாங்குமா?

தாங்காது. இரண்டு ரிலேயும் ஒரே கணத்தில் சேராது, ஒரே கணத்தில் பிரியாது. முன்னால் சேர்ந்ததும் பின்னால் பிரிந்ததும் முழுச் சுமையையும் தனியாகச் சுமக்கும். ஒன்று ஒட்டும், அல்லது கருகும். தவிர, வின்ச் என்பது மாட்டிக்கொண்ட வண்டியை மோட்டாரால் கேபிள் சுற்றி இழுக்கும் கருவி; நான்கு டன் இழுக்கும் ஒன்று முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 80 எங்கே, அது எங்கே. வின்சோடு வரும் கான்டாக்டர் (பெரிய கரண்டுக்கான ரிலே) பெட்டி, கனமான கேபிள், கையால் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச், இதுதான் அதன் வழி. கம்ப்ரெசருக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ்; லைட்டோடு கூட்டுக் குடித்தனம் வேண்டாம்.

16. ஆற்றைக் கடக்கும்போது ரிலேக்குள் தண்ணி போகாதா?

போகும். பானட்டுக்குள் மேலான இடத்தில், பின்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் நின்றுகொள்ளாது. ஒவ்வொரு ஒயரும் ரிலேக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே இறங்கி ஏறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சீல் செய்த ரிலேயும் ரப்பர் வைத்த சாக்கெட்டும் கிடைத்தால் அதுவே மேல். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் ஓரத்தை மூடும் வளையம்) இல்லாமல் ஒயரை விடாதீர்கள். அங்கே நடக்கும் உரசல் மெதுவானது, ஆறு மாதம் கழித்துதான் காட்டும்.

17. எல்.இ.டி. பார் போட்டதும் ரேடியோ கரகரக்குது.

பாருக்குள் எல்.இ.டி.க்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் என்ற மின்சுற்று வேகமாக அணைந்து எரிவதால் வரும் இரைச்சல். ஆன்டெனா கேபிளிலிருந்து ஒயரை விலக்குங்கள், பாசிட்டிவையும் எர்த்தையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோங்கள், பாருக்கு அருகில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பார் மலிவானது என்று அர்த்தம்.

18. லைட் பார் ஹை பீமோடும் எரியணும், தனியா ஸ்விட்ச் போட்டாலும் எரியணும். ரெண்டு ஒயரையும் 86-ல் சேர்த்துட்டா போதுமா?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அப்படியே சேர்த்தால், ஸ்விட்சைப் போடும்போது கரண்ட் 86-க்கு மட்டும் போகாது, ஹை பீம் ஒயரில் பின்னோக்கியும் பாயும். 0.75 ஒயரும் ஸ்விட்சும் சேர்ந்து உங்கள் ஹெட்லைட்டையே எரிக்கப் பார்க்கும். அந்த 3 ஆம்பியர் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். இரண்டு ஒயரிலும் ஒவ்வொரு டயோடு வையுங்கள், கோடு போட்ட முனை 86 பக்கம் பார்க்கும்படி. 1என்4007 என்ற சின்ன டயோடே காயில் கரண்டுக்குத் தாராளம். அதில் 0.7 வோல்ட் குறையும், ரிலே அதைக் கண்டுகொள்ளாது.

ஹை பீம் எரிந்தால் மட்டும் பார் எரிய வேண்டும், வேண்டாதபோது அதையும் அணைக்க முடிய வேண்டும் என்றால் டயோடே தேவையில்லை: ஸ்விட்சுக்கு வரும் கரண்டை ஹை பீம் ஒயரிலிருந்து எடுத்தால் போதும். சாலையில் கூடுதல் விளக்கு இப்படித்தான் இருக்க வேண்டும், அல்லது மூடியிருக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதியே உண்டு. புதிய வண்டியாக இருந்தால், அந்த ஒயரைத் தொடும் முன் பத்தாவது பதிலை இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.